விழுந்தா தப்பு என்னோடதா இருக்கணும்

ஊத்துக்குளியில் ரயில் ஏறினால் திருப்பூர் வந்து சேரக் கால் மணி நேரம், கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும். அந்தக் கால் மணி நேரத்தில் நான் செல்போனில் பழைய ‘ப்ரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ ஆடிக்கொண்டு போவது வழக்கம். 1989இல் முதன்முதலாக வந்த கேம். எனக்கு வயது நாற்பதைத் தொட்டாச்சு. கூட்டத்தில் யாராவது எட்டிப் பார்த்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். போன மாசம் அப்படி எட்டிப் பார்த்தவர், எங்கள் கம்பெனியில் என்னுடன் மெர்ச்சண்டைசிங்கில் வேலை செய்கிற தம்பி. இருபத்திநாலு வயசு.

“ஏனுங்ணா, இன்னுமா இதையே ஆடிட்டு இருக்கீங்க? இதுக்கப்புறம் எத்தனை பார்ட் வந்துருச்சு.”

“வந்துச்சு தம்பி. ரெண்டாவது பரவால்ல. மூணாவதுலதான் கெடுத்துப்போட்டாங்க.”

“அதெல்லாம் நாஸ்டால்ஜியாங்ணா. சின்ன வயசுல ஆடுனது எதுவா இருந்தாலும் ஒசத்தியாத்தான் தெரியும். அப்புறம் என்ன வந்தாலும் உங்களுக்குப் புடிக்காது.”

அதற்குள் திருப்பூர் வந்துவிட்டது. இறங்குகிற தள்ளுமுள்ளில் பதில் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு முழுக்க அந்த வார்த்தை உறுத்திக்கொண்டே இருந்தது. இந்தக் கட்டுரை அந்தத் தம்பிக்கு நான் சொல்லாமல் விட்ட பதில்.

‘நாஸ்டால்ஜியா’ என்பது இப்போது வாயை அடைக்கப் பயன்படும் வார்த்தையாகிவிட்டது. சினிமாவின் மூன்றாம் பாகம் சரியில்லை என்றால் நாஸ்டால்ஜியா, ஹோட்டல் சாம்பார் மாறிவிட்டது என்றால் நாஸ்டால்ஜியா. கேம் விஷயத்தில் இன்னும் மோசம். அங்கே ‘ரசிகர்களைத் திருப்திப்படுத்தவே முடியாது’ என்ற பல்லவியும் சேர்ந்துகொள்ளும். மாற்றினால் ஏன் மாற்றினாய் என்பார்கள், மாற்றாவிட்டால் ஏன் அதையே தருகிறாய் என்பார்கள், ஆகவே அவர்கள் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை என்று முடிப்பார்கள். கேட்க நியாயம் மாதிரி இருக்கும். இலக்கியம் பேசுகிற நம் ஆட்களுக்கோ இதெல்லாம் குழந்தைகள் சமாச்சாரம், இதில் போய் என்ன ஏமாற்றம் என்று ஒரு சிரிப்பு.

இந்த மூன்று பேரோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. தாண்டிக் குதிக்கும் கேமின் மூன்றாம் பாகத்தில் ரசிகன் அடைகிற ஏமாற்றம் பெரும்பாலும் மனசு சம்பந்தப்பட்டது இல்லை, கை சம்பந்தப்பட்டது. கைக்குத் தெரிந்த ஒன்று அங்கே இல்லை என்பதைக் கை கண்டுபிடித்துவிடுகிறது. வாயால் அதைச் சொல்லத் தெரியாததால் ‘பழசு மாதிரி இல்லை’ என்கிறான். உடனே நீ பழைய ஆள் என்று முத்திரை விழுகிறது.

*

1998, 99 வாக்கில் எங்கள் பக்கம் கம்ப்யூட்டர் என்றால் கம்ப்யூட்டர் சென்டர்தான். கடைக்கு மேல் மாடியில் ஒரு அறை, திரை போட்டு மூடிய மூன்று மெஷின்கள், வாசலில் செருப்பு. டாஸ், லோட்டஸ், டேலி என்று கோர்ஸ் நடக்கும். அப்பா பனியன் கம்பெனியில் சம்பாதித்த காசில் என்னை விடுமுறைக்குச் சேர்த்துவிட்டிருந்தார். பையன் டேலி படித்தால் கம்பெனியில் கணக்கு எழுதப் போவான் என்று எண்ணம். வகுப்பு முடிந்து கடைசிப் பத்து நிமிஷம் ‘கேம் போட்டுக்கோங்கடா’ என்று சார் விடுவார். ஒரு மெஷினுக்கு நாலு பேர். ஒருத்தன் ஆடுவான், மூன்று பேர் கத்துவார்கள்.

இருந்தது இரண்டே கேம். ஒன்று ‘டேஞ்சரஸ் டேவ்’. இன்னொன்று ப்ரின்ஸ். இரண்டும் ஃப்ளாப்பியில் கைமாறிக் கைமாறி வந்தவை. யார் செய்தது, எந்த நாடு என்று எதுவும் தெரியாது. ‘ப்ரின்ஸ் மெகாஹிட்’ என்று டைப் அடித்து உள்ளே போனால் லெவல்களைத் தாவிப் போகலாம் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. நம் ஊரில் நல்ல நாட்டு வைத்தியமும் இப்படித்தான் பரவும்.

ப்ரின்ஸில் கதை சின்னது. மந்திரி ஜாஃபர் இளவரசியைச் சிறைவைத்து ஒரு மணி நேரக் கெடு கொடுக்கிறான். நாயகன் பாதாளச் சிறையிலிருந்து மேலே ஏறிவந்து அவளை மீட்க வேண்டும். ஆடுகிறவனுக்கும் நிஜமாகவே அறுபது நிமிஷம்தான். தரையில் ஆட்டம் காணும் கல், மிதித்தால் மேலெழும் ஈட்டிகள், கத்தரி மாதிரி மூடித் திறக்கும் கதவுகள். விழுந்தால் செத்தான்.

இதில் நாங்கள் முதலில் கற்றுக்கொண்டது அடி எண்ணுவது. ஷிப்ட் சாவியை அழுத்திக்கொண்டு நடந்தால் இளவரசன் சின்னச் சின்ன அடியாக வைப்பான். விளிம்புக்கு வந்ததும் அவனே நின்றுகொள்வான். நின்ற இடத்திலிருந்து குதித்தால் இவ்வளவு தூரம், ஓடிவந்து குதித்தால் இவ்வளவு தூரம், கை நீட்டிப் பிடித்தால் இன்னும் கொஞ்சம். இந்த மூன்று அளவும் கடைசி லெவல் வரை மாறாது. பள்ளத்தைப் பார்த்ததும் தாண்ட முடியுமா முடியாதா என்று சொல்லிவிடலாம். நாலு பேரில் ஒருத்தன் ‘ஓடிக் குதிடா, நின்னு குதிச்சா எட்டாது’ என்பான். எட்டாது. அவன் சொன்னதுதான் நடக்கும்.

அதனால் ஒரு விசித்திரம் நடந்தது. இளவரசன் ஈட்டியில் குத்துப்பட்டுச் செத்தால், எங்களில் ஒருத்தன்கூட கம்ப்யூட்டரைத் திட்டியதில்லை. ஆடினவனைத்தான் திட்டினோம். ஆடினவனும் ‘ஆமாடா, அரை அடி முன்னாடியே குதிச்சிட்டேன்’ என்று ஒத்துக்கொள்வான். வீட்டில், பள்ளிக்கூடத்தில், எங்கேயும் தப்பை ஒத்துக்கொள்ளாத பயல்கள், அந்த மெஷின் முன்னால் மட்டும் நியாயஸ்தர்களாக இருந்தோம்.

பிளாட்ஃபார்மர் என்று சொல்லப்படும் இந்த வகை கேமுக்கு உயிரே இந்த ஒப்பந்தம்தான். நான் விழுந்தால் தப்பு என்னுடையதாக இருக்க வேண்டும். தூரம் பொய் சொல்லக் கூடாது, சாவி ஏமாற்றக் கூடாது, கண்ணுக்குத் தெரிகிற விளிம்புதான் விளிம்பாக இருக்க வேண்டும். இது இருந்தால் நூறு தடவை செத்தாலும் நூற்றியோராவது தடவை ஆடுவோம். இது இல்லாவிட்டால் அரண்மனையை எவ்வளவு ஜோடித்து வைத்தாலும் மூன்றாவது சாவிலேயே எழுந்து போய்விடுவோம்.

*

இந்த ஒப்பந்தம் தானாக வந்துவிடவில்லை என்பது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. ஜோர்டன் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர் கிட்டத்தட்ட தனியாளாக உட்கார்ந்து ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு இதை எழுதினார். தன் தம்பியை வெள்ளை உடையில் ஓடவும் குதிக்கவும் தொங்கவும் சொல்லி வீடியோ எடுத்தார். அதைப் படம் படமாக நிறுத்தி, உருவத்தின் மேல் கோடு போட்டுக் கம்ப்யூட்டருக்கு ஏற்றினார். வாள் சண்டைக்கு 1938இல் வந்த ‘ராபின் ஹூட்’ சினிமாவின் சண்டைக் காட்சி உதவியது. இளவரசன் குதிக்கும் முன் உடம்பைத் தாழ்த்துகிறானே, ஓட்டத்தை நிறுத்தும்போது கொஞ்சம் சறுக்குகிறானே, அதெல்லாம் ஒரு நிஜப் பையனின் உடம்பு. அந்த எடையைத்தான் நாங்கள் ஊத்துக்குளியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தோம்.

இன்னொன்று. அந்தக் கம்ப்யூட்டரில் நினைவகம் நிரம்பிவிட்டது. புதிதாக ஒரு எதிரியை வரைந்து சேர்க்க இடமில்லை. அதனால் இளவரசனின் படத்தையே கொஞ்சம் நகர்த்தித் தன்மேலேயே போட்டு, மினுங்கும் நிழல் மாதிரி ஒருவனை உண்டாக்கினார். இடம் இல்லாததால் பிறந்த அந்த நிழல்தான் கேமின் ஆன்மா. கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்கிறபோது நிழல் பிரிந்து ஓடும். பிறகு நீ குடிக்க வேண்டிய மருந்தை வந்து குடித்துவிடும், கதவை மூடி உன்னைப் பள்ளத்தில் தள்ளும். கடைசியில் வாளோடு எதிரே நிற்கும். அதை வெட்டினால் உன் உயிர்தான் குறையும். வாளை உறையில் போட்டுவிட்டு அதை நோக்கி நடக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகிவிடும்.

நாங்கள் அந்த இடத்தில் பல நாள் முட்டிக்கொண்டு நின்றோம். வாளைக் கீழே போடலாம் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. பக்கத்து மெஷினில் டேலி அடித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் சலித்துப்போய், “அவனை எதுக்குடா வெட்டறீங்க, அவனும் நீதானே” என்றார். மூடின கதவு திறந்த மாதிரி இருந்தது. இலக்கியம் ஒரு மனுஷனுக்குச் செய்கிற வேலையை, அன்றைக்கு ஒரு ஃப்ளாப்பி செய்தது. குழந்தைகள் சமாச்சாரம் என்று சிரிக்கிறவர்களுக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

*

இரண்டாம் பாகம் 1993இல் வந்தது. எழுபத்தைந்து நிமிஷக் கெடு, பெரிய அரண்மனை, பறக்கும் கம்பளம். கஷ்டம் கூடியிருந்தது, ஆனால் அடி மாறவில்லை. அதே ஓட்டம், அதே தாவல். இரண்டே நாளில் கை பழகிக்கொண்டது.

மூன்றாவது, ‘ப்ரின்ஸ் ஆஃப் பெர்ஷியா 3டி’, 1999இல். எங்கள் கைக்கு வர இன்னும் ஒரு வருஷம் ஆனது. திருப்பூரில் சித்தப்பா வீட்டில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். காப்பி அடித்த சிடி ஒன்றை அவர் மகன் எங்கிருந்தோ பிடித்துவந்தான். நாலு பேர் சைக்கிளில் ஸ்டேஷன் போய், ரயில் பிடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் உட்கார்ந்தோம்.

மெஷின் திணறியது. அதை விடுங்கள், அது எங்கள் மெஷினின் பாடு. ஆனால் திணறாத நேரத்திலும் ஏதோ சரியில்லை. கேமரா எங்கேயோ நின்றுகொண்டு இளவரசனின் முதுகைக் காட்டியது. பள்ளம் முன்னால் இருக்கிறது, ஆனால் எத்தனை அடி என்று தெரியவில்லை. விளிம்பில் நிற்கிறோமா, ஒரு அடி தள்ளி நிற்கிறோமா என்று புரியவில்லை. சாவியை அழுத்தினால் அவன் யோசித்துவிட்டுத் திரும்பினான். குதித்தோம், விழுந்தோம். மறுபடியும் விழுந்தோம். மதியத்துக்குள், எங்கள் வாழ்க்கையில் முதல்முறையாக, ஒருத்தன் கம்ப்யூட்டரைப் பார்த்துத் திட்டினான்: “நான் கரெக்டாத்தான்டா குதிச்சேன்!”

அவன் பொய் சொல்லவில்லை. ஒப்பந்தம் அங்கே முறிந்தது.

அந்த கேமில் என்ன இல்லை என்று கேட்டால் பட்டியல் போட முடியாது. எல்லாம் இருந்தது. அரண்மனை இருந்தது, சூழ்ச்சி இருந்தது, வாளோடு வில்லும் கோலும் இரட்டைக் கத்தியும் சேர்ந்திருந்தன. ஆனால் அடி இல்லை.

பின்னணி தெரிந்தபோது கோபம் கொஞ்சம் ஆறியது, கொஞ்சம் கூடியது. முதல் பாகத்தை வெளியிட்ட ப்ரோடர்பண்ட் கம்பெனியை 1998இல் லேர்னிங் கம்பெனி வாங்கியது. 1999இல் அதையும் சேர்த்து மேட்டல் வாங்கியது. மேட்டல் என்றால் பார்பி பொம்மை செய்கிறவர்கள். ஒரு வருஷத்துக்குள் கைமாறிக் கைமாறி ஓடிய ஒரு நிறுவனத்துக்குள்ளிருந்து இந்த கேம் வெளியே வந்தது. பிழைகள் தீராமலே கடைக்கு வந்துவிட்டது என்று அன்றைய விமர்சகர்களும் எழுதினார்கள். மெக்னர் அதை முன்னின்று நடத்தவில்லை. தம்பியை ஓடவிட்டுப் படம் பிடித்தவர், நிழலை உண்டாக்கியவர், ஒரு ஓரத்தில் ஆலோசகராக இருந்தார்.

இங்கே வழக்கமாக ஒரு சமாதானம் சொல்வார்கள். “அது முப்பரிமாணத்துக்கு மாறிய காலம். எல்லாரும் தடுமாறினார்கள். தவிர்க்க முடியாதது.” இல்லை. 1996இலேயே ‘சூப்பர் மாரியோ 64’ வந்துவிட்டது. லெவல்களைக் கட்டுவதற்கு முன்னால் மாரியோ ஓடுவதும் குதிப்பதும் கைக்குச் சுகமாக இருக்கிறதா என்பதைத்தான் மியாமோட்டோவின் குழு மெனக்கெட்டுச் சரிசெய்தது. குதிக்கும்போது மாரியோவுக்கு நேர் கீழே ஒரு வட்ட நிழல் விழும். எங்கே இறங்குவோம் என்று அது காட்டிக்கொடுக்கும். அதே வருஷம் வந்த ‘டூம் ரைடர்’ உலகத்தையே சதுரம் சதுரமாகக் கட்டியது. விளிம்பிலிருந்து ஒரு எட்டுப் பின்னால் குதித்து, ஓடிவந்து தாண்டினால் இவ்வளவு தூரம் என்று அங்கேயும் எண்ணலாம். ஒப்பந்தத்தை முப்பரிமாணத்தில் எப்படி எழுதுவது என்று மூன்று வருஷம் முன்னாலேயே இரண்டு பேர் செய்து காட்டிவிட்டார்கள். பார்த்துக் கற்றுக்கொள்ள நேரம் கொடுக்கவில்லை என்பதுதான் நிஜம்.

இன்னும் அழுத்தமான சாட்சி 2003இல் வந்தது. யூபிசாஃப்டின் மாண்ட்ரியால் குழு ‘தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ செய்தது. மெக்னர் திரும்ப வந்து கதை எழுதினார். முழுக்க முப்பரிமாணம்தான். ஆனால் விழுந்தால் குறுவாளை அழுத்தி நேரத்தைப் பின்னோக்கி ஓட்டிக்கொள்ளலாம். ‘தப்பு உன்னுடையதுதான், இந்தா திருத்திக்கொள்’ என்று கேம் சொன்னது. பழைய ரசிகர்கள் கொண்டாடினார்கள். நாஸ்டால்ஜியா பிடித்தவர்கள்தானே நாங்கள்? மாற்றம் என்றாலே பிடிக்காதவர்கள்தானே? 1999இல் பிடிக்காத மாற்றம் 2003இல் எப்படிப் பிடித்தது? தம்பி இதற்குப் பதில் சொல்லட்டும்.

*

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பேர் இருக்கிறது: ரிபீட் ஆர்டர்.

ஒரு பையருக்கு டி-ஷர்ட் சாம்பிள் போடுகிறோம். கட்டிங் மாஸ்டர் தன் கையால் வெட்டுவார், கைதேர்ந்த டெய்லர் தைப்பார். அப்ரூவல் ஆகும். முதல் ஆர்டர் பயந்து பயந்து ஓடும். இரண்டாவது ரிபீட்டுக்கு எல்லாருக்கும் கை படிந்துவிடும், அதுதான் இருப்பதிலேயே நல்ல சரக்கு. மூன்றாவது ரிபீட்டில்தான் வில்லங்கம். ‘இதான் ரெண்டு தடவை ஓட்டியாச்சே’ என்று ஒரு தெனாவட்டு. நூல் விலை ஏறியிருக்கும், வேறு மில்லில் நூல் எடுப்பார்கள். தையலை வெளியே பவர்டேபிளுக்குக் கொடுப்பார்கள். மாஸ்டர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். பேட்டர்ன் மட்டும் அதே பேட்டர்ன்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் அப்படி ஒரு மூன்றாவது ரிபீட் ஓடியது. ஸ்பெக் ஷீட்டை வைத்து நானே அளந்தேன். செஸ்ட், லென்த், ஸ்லீவ் எல்லாம் அச்சு அசலாக நின்றது. செக்கிங்கில் இருந்த அக்கா ஒரு பீஸைக் கையில் எடுத்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் துணியைத் தேய்த்துப் பார்த்தார்.

“தம்பி, இது அந்தத் துணி இல்லீங்க.”

“அளவெல்லாம் சரியா இருக்குதுங்களேக்கா.”

“அளவு இருக்குதுங்க. ஒரு தண்ணி காட்டிப் பாருங்க.”

மேனேஜர் சிரித்தார். “அக்காவுக்கு எப்பவுமே பழசுதான் ஒசத்தி.” ஒரு பீஸைத் துவைத்துக் காயப்போட்டோம். மறுநாள் பார்த்தால் பக்கத்தில் இருக்க வேண்டிய தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்து நின்றது. சிங்கிள் ஜெர்சியில் நூல் முறுக்குச் சரியில்லாவிட்டால், துணியைப் பதப்படுத்துவதில் அவசரப்பட்டால், இப்படித்தான் ஆகும். அளவில் தெரியாது, தண்ணியில் தெரியும்.

அக்காவுக்கு இருந்தது நாஸ்டால்ஜியாவா? பதினைந்து வருஷம் துணியைத் தொட்ட விரல் அது. அந்த விரலுக்குத் தெரிந்ததைச் சொல்ல ஸ்பெக் ஷீட்டில் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததால் அவர் சொன்னது பழசாகிவிட்டது. மூன்றாவது கேமை ஆடிவிட்டு ‘இது அது இல்லை’ என்று முனகுகிற ரசிகனை நான் அந்த அக்காவின் இடத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன்.

*

டேவுக்கு நடந்தது இன்னும் நேரடியான கதை. ஜான் ரொமேரோ 1988இல் ஆப்பிள் 2க்குச் செய்தது. நம் ஊர்களுக்கு வந்தது 1990இல் சாஃப்ட்டிஸ்க் என்ற நிறுவனத்தில் இருந்துகொண்டு அவர் செய்த டாஸ் வடிவம். பத்து லெவல், ஒவ்வொன்றிலும் கோப்பையை எடுத்தால்தான் கதவு திறக்கும். அங்கே கூட வேலை செய்த ஜான் கார்மாக்கும் டாம் ஹாலும் அதே 1990 செப்டம்பரில் ஒரு ராத்திரி விளையாட்டாக ஒன்று செய்தார்கள். நிண்டெண்டோவின் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3’ கேமின் முதல் லெவலைச் சாதாரண கம்ப்யூட்டரில் வழுக்கிக்கொண்டு ஓடவைத்தார்கள். மாரியோவுக்குப் பதில் டேவ். அதைப் பார்த்த ரொமேரோவுக்கு இனி இங்கே வேலையில்லை என்று பட்டது. 1991இல் ஐடி சாஃப்ட்வேர் பிறந்தது. ‘டூம்’ உள்ளிட்ட பிற்பாட்டு வரலாறு எல்லாருக்கும் தெரிந்ததே.

பழைய நிறுவனத்துக்கான கடனாக அவர்கள் 1991இல் இரண்டாவது டேவைச் செய்துகொடுத்தார்கள். பேய் மாளிகை, கையில் துப்பாக்கி. ஜோரான கேம். அதன் பிறகு டேவ் என்ற பெயர் சாஃப்ட்டிஸ்கிடம் தங்கிவிட்டது, செய்த கைகள் போய்விட்டன. 1993இல் மூன்றாவது டேவ் வந்தது, அவர்கள் இல்லாமல். அது எங்கள் பக்கம் வரவே இல்லை, பிற்பாடு இணையத்தில்தான் தேடி ஆடினேன். டேவ் இருக்கிறான், துப்பாக்கி இருக்கிறது, ராட்சசர்கள் இருக்கிறார்கள். பேய் மாளிகையில் ஒரு கதவைத் திறக்கும்போது வயிற்றைப் பிசையுமே, அது இல்லை.

ஊத்துக்குளிக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஊர் வெண்ணெய்க்குப் பேர் போனது. ஊர்ப் பேரை டப்பாவில் ஒட்டுவது ஒரு நிமிஷ வேலை. எருமைப்பாலைத் தோய்த்து, கடைந்து, எந்தப் பதத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரிந்த கை வேறு. அம்மிச்சி நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்த்து, “இது நம்மூருது இல்லடா கண்ணு” என்பாள். டப்பாவைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்க மாட்டாள்.

*

என் வாதத்தில் ஓட்டை இருக்கிறதா என்று நானே தேடிப் பார்த்தேன். கைகள் மாறியதால்தான் கெட்டது என்றால், அதே கைகள் செய்த மூன்றாவது கேம் ஏன் சில சமயம் கெடுகிறது?

ஃபின்லாந்தின் ஃப்ரோஸன்பைட் செய்த ‘ட்ரைன்’ வரிசை அதற்கு உதாரணம். மந்திரவாதி, திருடி, வீரன் என்று மூன்று பேரை மாற்றி மாற்றி ஆடும் அழகான கேம். 2009, 2011 இரண்டிலும் படம் ஆழமாகத் தெரிந்தாலும் ஓட்டம் இடமும் வலமும் மட்டும்தான். 2015இல் மூன்றாம் பாகத்தில் முழு முப்பரிமாணத்துக்குப் போனார்கள். அதே நிறுவனம், அதே ஆர்வம். பணம் கரைந்தது. இரண்டாம் பாகத்தைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு செலவானதாக அவர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். கேம் சில மணி நேரத்தில் முடிந்துவிடும், கதை பாதியில் அந்தரத்தில் நிற்கும். பாலம் கட்டித் தாண்டுவதில் இருந்த நிதானம் போய், பெட்டி விளிம்பில் இறங்குமா விலகி விழுமா என்ற குழப்பம் வந்தது.

இங்கே கை அதேதான், துணி மாறிவிட்டது. பழைய பேட்டர்னைப் புதுத் துணியில் அப்படியே வெட்ட முடியாது. திரும்ப முதல் சாம்பிளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்கான காலமும் காசும் மூன்றாம் பாகத்துக்கு யாரும் ஒதுக்குவதில்லை, ஏனென்றால் ரிபீட் ஆர்டர்தானே என்ற நினைப்பு. 2019இல் நாலாவது ட்ரைன் பழைய இடவல ஓட்டத்துக்கே திரும்பியது. ரசிகர்கள் சொன்னது வெறும் முனகலாக இருந்திருந்தால், செய்தவர்களே ஏன் திரும்ப வேண்டும்?

மூன்று என்ற எண்ணில் சாபம் எதுவும் இல்லை. கார்மாக்கின் தூக்கத்தைக் கெடுத்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3’ மூன்றாம் பாகம்தானே? ஜப்பானில் 1988இல் வந்தபோது அதைச் செய்தவர்கள் முதல் மாரியோவைச் செய்த மியாமோட்டோவும் தெசுகாவும். ஆடைகளும் வரைபடமும் பறப்பதும் புதிதாக வந்தன. மாரியோவின் ஓட்டத்துக்கு இருந்த கனம் அப்படியே இருந்தது. 1998இல் நாட்டி டாக் செய்த மூன்றாவது ‘க்ராஷ் பேண்டிகூட்’டும் அப்படித்தான். இரண்டிலும் கைகள் இருந்தன, துணி மாறவில்லை. அதன் மேல் பூ வேலை எவ்வளவு வேண்டுமானாலும் செய்தார்கள்.

*

ரசிகனின் பக்கமும் அழுக்கு இருக்கிறது. அதைச் சொல்லாமல் முடித்தால் நான் மேனேஜர் கட்சியைவிட யோக்கியன் இல்லை.

ட்ரைன் 3 வந்தபோது, மீதிக் கதையைத் தனியாக விற்கத்தான் பாதியில் நிறுத்தினார்கள் என்று ஒரு கூட்டம் பழி போட்டது. அந்தச் சின்ன நிறுவனம் கையிலிருந்ததை எல்லாம் போட்டுவிட்டோம் என்று விளக்க வேண்டிவந்தது. ஏமாற்றம் நியாயம், அந்த வசை அநியாயம். துணி சரியில்லை என்று சொல்ல அக்காவுக்கு உரிமை உண்டு. டெய்லரைத் திருடன் என்று சொல்ல உரிமை இல்லை. அவரும் அப்படிச் சொன்னதில்லை.

அடுத்து எங்களைப் போன்றவர்கள். காப்பி சிடியில் ஆடியவனுக்கு ஏமாற்றம் அடைய என்ன உரிமை என்று கேட்டால், காசு கணக்கில் எந்த உரிமையும் இல்லை. ப்ரின்ஸுக்கும் டேவுக்கும் ஊத்துக்குளியிலிருந்து நயா பைசா போனதில்லை. நல்ல கையை ஆதரிக்கக் காசு கொடுக்காத ஊர், அந்தக் கை போய்விட்டதே என்று அழுவதில் ஒரு அசிங்கம் இருக்கிறது. சம்பளம் கட்டுப்படியாகாமல் மாஸ்டர் வேறு கம்பெனிக்குப் போனபோது மேனேஜருக்கு வந்த வருத்தம் மாதிரி. 2024 ஜனவரியில் யூபிசாஃப்டின் மோன்ட்பெல்லியே குழு ‘தி லாஸ்ட் க்ரவுன்’ என்று ஒரு ப்ரின்ஸைக் கொண்டுவந்தது. இடவல ஓட்டம், அளந்து வைத்த தாவல், விழுந்தால் தப்பு நம்முடையது. விமர்சகர்கள் புகழ்ந்தார்கள். எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. அந்த வருஷம் முடிவதற்குள் அந்தக் குழுவைக் கலைத்து ஆட்களை வேறு வேலைகளுக்குப் பிரித்துவிட்டார்கள். பழசு மாதிரி வேண்டும் என்று இருபது வருஷம் கேட்டவர்களில் எத்தனை பேர் காசு கொடுத்து வாங்கினோம்? நான் வாங்கினேன், தள்ளுபடி வந்த பிறகு.

ஆக, அந்தத் தம்பிக்கு என் பதில் இதுதான். எனக்குச் சின்ன வயசு திரும்ப வேண்டாம். அந்த மாடி அறையின் புழுக்கமும் சாரின் பிரம்பும் நிச்சயமாக வேண்டாம். நான் குதிக்கிற தூரம் நான் நினைத்த தூரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன். அது புது கேமில் கிடைத்தாலும் சந்தோஷம்தான்.

போன வாரம் அதே ரயிலில் அவரிடம் போனைக் கொடுத்தேன். “ஒரு லெவல் ஆடிப் பாருங்க தம்பி.” முதல் பள்ளத்தில் விழுந்தார். இரண்டாவது தடவை ஆட்டம் கண்ட கல்லோடு சேர்ந்து போனார். மூன்றாவது தடவை ஈட்டி. ஒன்றும் பேசவில்லை. நாலாவது தடவை சாவியை மெதுவாக அழுத்தி, அடி அடியாக விளிம்பு வரை வந்து நின்றார். கொஞ்சம் பின்னால் போய் ஓடிவந்து குதித்தார். விரல் நுனியில் பிடித்துக்கொண்டு தொங்கினான் இளவரசன்.

“முன்னாடி அரை அடி சீக்கிரமா குதிச்சிட்டேனுங்ணா” என்றார், யாரும் கேட்காமலே.

திருப்பூர் வந்துவிட்டது. போனைத் திருப்பிக் கொடுக்காமலே இறங்கி நடந்தார்.